மழை எந்தச் செவுத்துல அடிக்கும்

நான் ஆர்க்கிடெக்ட் இல்லைங்க, சிவில் கூட படிக்கல. கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரில கணக்கு பாக்கறேன், ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் லேப்டாப்ப தொறந்து ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல வீடு கட்டறேன். சாஃப்ட்வேர் ஃப்ரீ, வாத்தியார் யூடியூப்தான். பாக்கறவங்க இது ஃபோட்டோவா, இல்ல ரெண்டரா, அதாவது கம்ப்யூட்டர் வரைஞ்ச படமான்னு ஒரு நிமிஷம் தடுமாறணும், அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு மெனக்கெடறது. அந்த நெஜத்தன்மை எங்கிருந்து வருதுன்னு எனக்குன்னு ஒரு முடிவு இருக்கு, அதை எழுதிடலாம்னு ரொம்ப நாளா நெனைச்சிட்டே இருந்தேன்.

பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தா வந்துடும்னு நெறைய பேர் நம்பறாங்க. கார்டு இருந்தா சீக்கிரம் வரும், அவ்வளவுதான். ப்ளெண்டருக்குள்ள படத்த வரையற சைக்கிள்ஸ் ரெண்டரர் பண்றது வெளிச்சம் எங்க பட்டு எங்க தெறிக்குதுங்கற கணக்கு, அது எந்த மெஷின்லயும் ஒரே கணக்குதான். நாம சொல்லிக் குடுக்கறதுதான் வேற வேற. வெயில் எங்க நிக்குது, மழை எந்தப் பக்கம் அடிக்குது, அந்தச் செவுரு எத்தனை காலமா நனைஞ்சு காயுதுங்கறது எந்த டுடோரியல்லயும் வராது, அந்த ஊர்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல வெயில எடுத்துக்கோங்க. நாம பாக்கற டுடோரியல்ல முக்காவாசி ஐரோப்பாக்காரங்க போடறது, அவங்க ஊர்ல டிசம்பர் மத்தியானம் கூட சூரியன் தலைக்கு மேல வராது, லண்டன்ல அடிவானத்துல இருந்து 15 டிகிரி உசரத்துலயே நிக்கும், அதனால நடுப்பகல்லயே நிழல் நீள நீளமா விழும், படம் அழகா இருக்கும். நம்ம மலை இருக்கறது 11.4 டிகிரி வடக்கு. டிசம்பர்ல மத்தியான சூரியன் தெக்கால 55 டிகிரி உசரத்துல நிக்கும், ஜூன்ல உச்சியத் தாண்டி வடக்கால 12 டிகிரி சாஞ்சு போயிடும். அப்ப 2 அடி தாழ்வாரம் வெச்ச வீடா இருந்தா டிசம்பர் மத்தியானம் தெக்குச் செவுத்துல சுமார் 3 அடிக்கு நிழல் எறங்கும், கீழ மொத்தமும் வெயில். ஜூன்ல தெக்குச் செவுத்துல வெயிலே படாது, வடக்குச் செவுத்துலயும் நிழல் 9 அடிக்கு மேல எறங்கறதால மொத்தச் செவுரும் நிழல்லதான் இருக்கும், தரையில பட்டுத் தெறிக்கற வெளிச்சம்தான் அதைக் காட்டும். கோத்தகிரி வீட்டுக்கு ஜூன் மத்தியானம்னு சொல்லிட்டு சாஞ்ச வெயில் வெச்சா, காரணம் சொல்லத் தெரியலன்னாலும் இந்த ஊர்க்காரன் கண்ணு ஒத்துக்காது. ப்ளெண்டருக்கு சன் பொசிஷன்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, ஊரோட அட்சரேகை தீர்க்கரேகை தேதி நேரம் குடுத்தா சூரியன அதே எடத்துல நிறுத்தும். வானத்த உருவாக்கற ஸ்கை டெக்ஸ்சர்ல ஆல்டிட்யூட்னு ஒரு பெட்டி இருக்கு, அதுல நம்ம ஊர் உசரத்தப் போட்டா வானம் கொஞ்சம் ஆழமான நீலமா மாறும், ஊட்டின்னா 2,240 மீட்டர். யாரும் இத தொடறதே இல்ல, எனக்கு ரொம்பப் புடிச்ச பெட்டி அது.

அடுத்தது மழை, இதுலதான் சொல்ல வேண்டியது நெறைய இருக்கு. எங்க பெரியம்மா இருந்த எஸ்டேட் லைன் வீட்ட ரெண்டர் பண்ணணும்னு டேப் எடுத்துட்டுப் போயி அளந்தேன், வரிசையா ரூம், முன்னாடி நீளத் திண்ணை, கருங்கல் அடித்தளம், சுண்ணாம்புச் செவுரு, மேல நெளிநெளித் தகரம். அந்தப் பக்கமெல்லாம் ரிப்பேர் வேலை பாக்கற ஒரு மேஸ்திரிய கூடவே கூட்டிட்டுப் போனேன். "அண்ணே, இந்த நாலு செவுத்துல எது மொதல்ல கெட்டுப் போகும்"னு கேட்டேன். அவரு யோசிக்கவே இல்ல. "கெழக்குச் செவுருதான் தம்பி, நம்ம பக்கம் ஐப்பசி மழைதான மெயினு, அது கெழக்கால இருந்து சாஞ்சு அடிக்கும், நீ கூடலூர் போய்ப் பாரு, அங்க ஆடி மழை, மேக்குச் செவுரு பூரா பாசியா இருக்கும்"னாரு. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணது அப்படியே செவுத்து மேல எழுதி இருக்குதுங்க. ஒரே மாவட்டம், ஒரே மாதிரி லைன் வீடு, ஆனா செவுத்து மேல ஒட்டற பாசிப் படத்த, அதான் டெக்ஸ்சர, கோத்தகிரில ஒரு பக்கமும் கூடலூர்ல இன்னொரு பக்கமும் வைக்கணும்.

அன்னைக்கு அவரு காட்டுனதுல இன்னொண்ணு, தகரத்துல இருந்து தண்ணி சொட்டற எடம். தகரத்தோட ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் கீழ மண்ணுல ஒரு சின்னக் குழி, 3 இஞ்சுக்கு ஒண்ணா வரிசையா, மண்ணு கழுவிப் போயி உள்ள பொடிக்கல்லு மட்டும் தெரியுது. அங்க விழுந்து தெறிக்கற செம்மண்ணு செவுத்துல முழங்கால் உசரத்துக்கு ஒரு பட்டையா ஏறி இருக்கு, அதோட மேல் ஓரம் நேர்கோடா இல்ல, புள்ளி புள்ளியா குறைஞ்சு போகுது. அதுக்கும் மேல கதவு நிலை ஓரத்துல கை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறுன பழுப்பு, அந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பு கொஞ்சம் பளபளன்னு இருக்கு. இது மூணையும் வெச்ச உடனே படம் மாறிடுச்சு. படத்தோட துல்லியத்துக்கான சாம்பிள்ஸ் ஏத்தல, புது மாடல் எதுவும் சேக்கல, சொட்டுக்குழி வரிசை, செம்மண் பட்டை, கை பட்ட பழுப்பு, அவ்வளவுதான். பெரியம்மா பாத்துட்டு "இது நம்ம வாசல்டா கண்ணு"ன்னாங்க.

நனைஞ்ச செவுருன்னா கலர மட்டும் கருப்பாக்குனா பத்தாது. சுண்ணாம்புல இருக்கற நுண்ணுண்ணு ஓட்டையெல்லாம் தண்ணி நெறைஞ்சு வெளிச்சம் உள்ள போயி மாட்டிக்குது, அதனால கருக்குது, அதே நேரத்துல மேல ஒரு தண்ணிப் படலம் இருக்கறதால வழவழப்பும் வருது. அதனால கலர எறக்கும்போதே ரஃப்னெஸையும், அதாவது சொரசொரப்பு அளவையும் எறக்கணும், காஞ்ச செவுரு 0.9ன்னா நனைஞ்ச எடம் 0.3, 0.4. வெள்ளைன்னாலும் கலர் அளவ 1.0 வெக்காதீங்க, புதுச் சுண்ணாம்பே 0.8 கிட்டதான், அதுக்கு மேல போனா செவுரு தானே எரியற மாதிரி ஆயிடும்.

மிஸ்ட், அதான் மூடுபனி, இல்லாம நீலகிரி இல்ல. வேகமா பண்றதுன்னா மிஸ்ட் பாஸ்னு தூரத்தக் காட்டற தனிப் படம் ஒண்ணு எடுத்து தூரத்துக்கு ஏத்த மாதிரி வெளுப்பாக்கிடலாம், ஆனா அதுல தெருவிளக்க சுத்தி வர்ற அந்த வட்டப் புகைவெளிச்சம் வராது, அது எனக்கு வேணும், அதனால நேரம் ஆனாலும் பரவால்லன்னு காத்துக்குள்ளயே வெளிச்சத்த சிதறடிக்கற வால்யூம் ஸ்கேட்டர்தான் போடறேன். டென்சிட்டி, அதாவது அடர்த்தி எவ்வளவுன்னு குத்துமதிப்பா வைக்க வேண்டியதில்ல. எவ்வளவு தூரம் தெரியணுமோ அந்த மீட்டரால 3.9ஐ வகுத்தா போதும், 200 மீட்டர் தெரியணும்னா 0.02. கோத்தகிரில டானிங்டன் பக்கம் சாயங்காலம் எறங்குமே, முன்னாடி போற பஸ்ஸே தெரியாத மாதிரி, அதுக்கு 0.1க்கு மேல போகணும். வெளிச்சம் எந்தப் பக்கம் சிதறணும்னு சொல்ற அனைசோட்ரபிய 0.8 கிட்ட வைங்க, மிஸ்ட்ல இருக்கற நீர்த்துளி வெளிச்சத்த பெரும்பாலும் முன்பக்கமாத்தான் சிதறடிக்கும், அதனாலதான் எதிர்ல வர்ற வண்டி லைட்டு அவ்வளவு பெருசா விரிஞ்சு தெரியுது. நீலச் சாயம் கலக்க வேண்டாம், துளி பெருசுங்கறதால எல்லாக் கலரையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், நம்ம மிஸ்ட் வெள்ளைதான்.

மரத்தப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஃப்ரீயா கெடைக்கற மரம் மாடல் முக்கால்வாசி வெளிநாட்டு மரம், அத டீத் தோட்டத்துல வெச்சா ஊரே மாறிப் போயிடும். ஒரே ஒரு சில்வர் ஓக்க நீங்களே செஞ்சுக்கோங்க, எலையோட அடிப்பக்கம் மட்டும் வெள்ளி மாதிரி வெளுத்து இருக்கணும். டீச் செடிக்கு நாலஞ்சு மாடல் போதும், ப்ளெண்டரோட ஜியாமெட்ரி நோட்ஸ் (Nodes) வசதில பரப்பிடலாம், எல்லாம் இன்ஸ்டன்ஸ், அதாவது ஒரே மாடலையே திரும்பத் திரும்பக் காட்டறதுங்கறதால மெமரி தாங்கும். மேல் மட்டம் இடுப்பு உசரத்துல சமமா இருக்கணும், கொழுந்து எடுக்காத எடம் இளம்பச்சை, எடுத்து முடிச்ச எடம் கரும்பச்சை. இந்த ரெண்டு பச்சையும் பட்டை பட்டையா வந்துட்டா அது வேலை நடக்கற தோட்டம்.

இப்ப ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சோட உள்பக்கத்துல கை வெச்சிருக்கேன். 1829ல அடிக்கல் நாட்டுனது, ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்த திப்பு சுல்தான் அரண்மனை மரத்த இந்த மலை மேல ஏத்திக் கொண்டாந்து கட்டியிருக்காங்க. கருத்த மரம், ஜன்னல் வழியா மட்டும் வெளிச்சம், அதனால நாய்ஸ், அதாவது படத்துல புள்ளி புள்ளியா ரொம்ப வருது, அத அழிக்க டினாய்ஸ் குடுத்தா மரத்தோட ரேகையும் அழிஞ்சு போகுது, வெளிச்சம் இந்த வழியாத்தான் வருதுன்னு ரெண்டரருக்குக் காட்டற போர்ட்டல் லைட்ட ஜன்னலுக்கு ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்துட்டு இருக்கேன். ஜன்னல் அளவெல்லாம் ஃபோட்டோ பாத்து வெச்சதுதான், உள்ள அளக்கறதுக்கு அனுமதி கேக்கணும், அடுத்த லீவு நாள் மேஸ்திரியவும் கூட்டிட்டு ஊட்டி போறதா இருக்கு.