கதைக்கு ஏங்கியவளின் ஊரில்

செப்டம்பர் 3

காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் தேதி உறைத்தது. 1020-ஆம் வருடம், ஒன்பதாம் மாதம் மூன்றாம் நாள், இந்த ஊரிலிருந்து பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தலைநகருக்குப் புறப்பட்டாள். அவளுடையது சந்திர மாதக் கணக்கு, நம் செப்டம்பரோடு பொருந்தாது. வயதும் பிறந்த அன்றே ஒன்று என்று எண்ணும் பழைய கணக்கு. இருந்தாலும் தேதியைப் பார்த்ததும் இந்தக் குறிப்பை இன்றே தொடங்கிவிடத் தோன்றியது.

நாங்கள் இருப்பது சிபா மாகாணத்து இச்சிஹாராவில். கடலோரம் நெடுக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். அவருக்கு வேலை அங்கேதான். ஆயிரம் வருடத்துக்கு முன் கஸூசா என்ற நாட்டின் நிர்வாகம் இங்கிருந்து நடந்திருக்கிறது. அவளுடைய அப்பா சுகவாரா நோ தகாசுவே, அந்த நிர்வாகத்தில் பெரிய அதிகாரி. பதவிக்காலம் முடிந்து குடும்பத்தோடு தலைநகரான கியோத்தோ திரும்பினார். மகளின் பெயர் யாருக்கும் தெரியாது. 'தகாசுவேயின் மகள்' என்றே இன்றுவரை சொல்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் தன் வாழ்க்கையை அவள் எழுதி வைத்தாள். அதுதான் சராஷினா நிக்கி, அதாவது சராஷினா நாட்குறிப்பு. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய வகுப்பில் இப்போது அதைத்தான் படிக்கிறோம். சென்செய்க்கு, அதாவது எங்கள் ஆசிரியைக்கு, எழுபது வயதுக்கு மேல். முதலில் பழைய நடையில் வாய்விட்டு வாசிப்பார், அப்புறம் இன்றைய பேச்சில் சொல்வார்.

கிழக்குப் பாதையின் கோடிக்கும் அப்பால் வளர்ந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு தொடங்குகிறாள். அக்காவும் சித்தியும் சாயங்காலங்களில் கெஞ்ஜி என்ற இளவரசனின் நெடுங்கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார்கள். நினைவிலிருந்து சொல்வதால் முழுசாக வராது. அந்தத் தவிப்பில் தன் உயரத்துக்கே ஒரு மருந்து புத்தர் சிலை செய்யச் சொல்கிறாள். ஆள் இல்லாத நேரம் கைகழுவிவிட்டு உள்ளே போய் நெற்றி தரையில் பட வேண்டுகிறாள்: என்னைச் சீக்கிரம் தலைநகருக்குக் கொண்டுபோ, அங்கே இருக்கிற கதையெல்லாம் ஒன்று விடாமல் காட்டு.

வேண்டுதல் பலித்துவிட்டது. கிளம்பும் நாளில் வீட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், மறைப்பெல்லாம் போய்விட்டது, மூடுபனி இறங்குகிறது. வண்டியில் ஏறுமுன் திரும்பிப் பார்க்கிறாள். காலியான வீட்டுக்குள் அந்தப் புத்தர் தனியாக நிற்கிறார். அவரை விட்டுவிட்டுப் போகிறோமே என்று யாருக்கும் தெரியாமல் அழுகிறாள். இந்த இடத்தில் சென்செய் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 22

இன்று ஆற்றங்கரைப் பகுதி. இன்றைய மாத்சுதோ பக்கம் இருந்த துறை அது. அவளை வளர்த்த தாதிக்கு வழியிலேயே பிரசவமாகிவிட்டது. தாதியின் கணவன் ஏற்கெனவே இறந்துபோயிருந்தான். பிள்ளை பெற்றவளோடு பயணம் போகிற வழக்கம் இல்லை, அதனால் அவளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பார்த்தே தீருவேன் என்று இவள் ஏங்க, அண்ணன் தூக்கிக்கொண்டு போகிறான்.

மற்றவர்களின் தங்குமிடத்தில் காற்று நுழையாதபடி மறைப்புக் கட்டியிருந்தது. தாதிக்கு ஆம்பிளைத் துணை இல்லை, அதனால் ஒற்றைப் பாய் போட்ட கூரைதான். நிலா வெளிச்சம் அப்படியே உள்ளே கொட்டுகிறது. சிவப்பு மேலாடையைப் போர்த்திக்கொண்டு, வெளுத்துப்போய்ப் படுத்திருக்கிறாள். தான் வளர்த்த பெண் வந்ததைப் பார்த்ததும் அவள் தலையைத் தடவித் தடவி அழுகிறாள்.

அவ்வளவுதான் காட்சி. சோகம் என்ற சொல்லை நம்பி இவள் எழுதவில்லை. ஒற்றைப் பாய்க் கூரையும் சிவப்புத் துணியும் போதுமாயிருக்கிறது. அடுத்த வசந்தத்தில் தொற்றுநோய் பரவி, மூன்றாம் மாதம் முதல் தேதி தாதி இறந்துபோகிறாள். அந்தத் துக்கத்தில் கதை ஆசைகூட விட்டுப்போனது என்கிறாள். அவள் வாயிலிருந்து வரும்போது அது எவ்வளவு பெரிய பேச்சு!

அக்டோபர் 6

அஷிகாரா மலை. நிலவில்லாத ராத்திரி, அடிவாரத்தில் தங்கியிருக்கிறார்கள். இருட்டுக்குள்ளிருந்து மூன்று பாடகிகள் வருகிறார்கள். ஒருத்திக்கு ஐம்பது வயதிருக்கும், ஒருத்திக்கு இருபது, இன்னொருத்திக்குப் பதினாலு பதினைந்து. பெரிய குடையை நட்டு அதன் கீழே உட்காரவைத்து, விளக்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். நீளமான கூந்தல், வெள்ளை முகம். பாட்டு வானத்தைத் தொடுகிறது. பாடி முடித்ததும் அந்தப் பயங்கரக் காட்டுக்குள்ளேயே திரும்பிப் போகிறார்கள். பார்த்தவர்களெல்லாம் அழுகிறார்கள். சின்னப் பெண்ணான இவளுக்கு மறுநாள் அந்த இடத்தை விட்டுக் கிளம்பவே மனசில்லை. அந்தப் பதினாலு வயதுக்காரி இவளைவிட ஒரு வயதுதான் மூத்தவள். அவளைப் பற்றி வேறெங்கும் ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்து ஃபூஜி மலை. கருநீல உடைமேல் வெள்ளைச் சட்டை போட்டது மாதிரி இருக்கிறதாம். தட்டையான உச்சியிலிருந்து புகை எழுகிறது, அந்தி சாய்ந்தால் நெருப்பு எரிவதும் தெரிகிறது. 1707-க்குப் பிறகு ஃபூஜி வெடிக்கவில்லை, நமக்கு அது அசையாத படம். அவளுக்கு அது மூச்சு விடுகிற மலை.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். வானம் தெளிவாக இருந்ததால் விரிகுடாவுக்கு அக்கரையில் ஃபூஜியின் நிழலுருவம் தெரிந்தது. இந்தப் பக்கம் ஆலைப் புகைபோக்கியின் நுனியில் தீ எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 20

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

தலைநகர் வந்தாயிற்று, தாதி போய்விட்டாள், மகள் வாடுகிறாள். அம்மா எங்கெங்கோ கேட்டுச் சில கதைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கெஞ்ஜியில் ஒரு பகுதி கைக்குக் கிடைக்கிறது. மீதியைப் படிக்காமல் இருப்புக்கொள்ளவில்லை. பெற்றோரோடு உசுமாசா கோயிலில் தங்கும்போதுகூட, கெஞ்ஜியை முதல் அத்தியாயத்திலிருந்து முழுசாகப் படிக்க வேண்டும் என்பது ஒன்றே வேண்டுதல்.

அப்புறம் ஒருநாள், வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அத்தையைப் பார்க்கப் போகிறாள். உனக்கு உபயோகமான பொருள் எதையாவது தருவது சரியாக இருக்காது, நீ எதற்கு ஆசைப்படுகிறாயோ அதையே தருகிறேன் என்று சொல்லி, ஐம்பதுக்கு மேற்பட்ட கெஞ்ஜி சுவடிகளைப் பெட்டியோடு தூக்கிக் கொடுக்கிறாள் அந்த அத்தை. போதாதென்று வேறு கதைகளை ஒரு பையில் போட்டுத் தருகிறாள். கதைகளை அச்சிடாத காலம். ஒவ்வொன்றும் யாரோ கையால் எழுதியது. அந்தப் பெட்டியின் மதிப்பை இன்று எதை வைத்துச் சொல்வது?

திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறாள். மகாராணிப் பட்டம் கிடைத்தாலும் இதற்கு ஈடாகுமா என்று கேட்கிறாள். பகல் முழுக்க, ராத்திரி விழித்திருக்கும் வரை, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அதே வேலை. வரிகள் தானாக மனப்பாடமாகின்றன. கனவில் மஞ்சள் காவி போர்த்திய துறவி வந்து, தாமரைச் சூத்திரத்தின் ஐந்தாம் சுருளைச் சீக்கிரம் கற்றுக்கொள் என்கிறார். இவள் யாரிடமும் சொல்லவில்லை, கற்கவும் இல்லை. இப்போது நான் அழகாயில்லை, வளர்ந்ததும் கூந்தல் நீண்டு கதையில் வரும் யூகாவோ மாதிரியும் உக்கிஃபுனே மாதிரியும் ஆகிவிடுவேன் என்று நினைத்துக்கொள்கிறாள்.

கெஞ்ஜியை எழுதிய முராசாகி ஷிகிபு தன் நாட்குறிப்பில் அதைப் பற்றிப் பேசுவது 1008-இல். இவள் பிறந்ததும் அதே 1008-இல்தான். கதையும் வாசகியும் ஒரே வயதுக்காரர்கள்.

நவம்பர் 3

எங்கள் வீட்டில் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருப்பார். ஒரு புத்தகத்தில் பைண்டு போட்டவர் நடுவில் நாலைந்து வாரங்களை மாற்றிக் கோத்துவிட்டார். செத்துப்போனவர் இரண்டு அத்தியாயம் கழித்து வந்து காபி குடிப்பார். எட்டாவது படிக்கும்போது அதை அப்படியே படித்து, ஏதோ மர்மம் இருக்கிறது என்று நம்பினேன்.

சராஷினாவுக்கும் அதுவே நடந்திருக்கிறது என்று இன்று சென்செய் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கவிஞர் ஃபுஜிவாரா தெய்க்கா இதைப் பிரதி எடுத்தார். முதலில் அவரிடம் இருந்த பிரதியை யாரோ இரவல் வாங்கித் தொலைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதி வைத்திருந்ததிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டார். அந்தச் சுவடியின் தாள்கள் பிற்பாடு கட்டும்போது இடம் மாறிவிட்டன. நமக்குக் கிடைத்த மற்றப் பிரதிகளெல்லாம் அதன் வழி வந்தவை. ஆக, நூற்றாண்டுக் கணக்கில் எல்லோரும் அவள் வாழ்க்கையைக் குழம்பிய வரிசையில்தான் படித்திருக்கிறார்கள். 1924-இல் தமாய் கோசுகே என்ற அறிஞர் அரண்மனைச் சேகரிப்பிலிருந்த தெய்க்காவின் சுவடியையே பார்த்து, தாள்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

தெய்க்காவிடம் இரவல் வாங்கியவர் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் தெய்க்கா அதன் நகலைப் பார்த்து எழுதியிருக்காவிட்டால், நமக்கு இவள் இல்லவே இல்லை.

நவம்பர் 17

கடைசிப் பகுதி முடிந்தது. வேகவேகமாக வருடங்கள் ஓடுகின்றன. தீயில் வீடு எரிகிறது, ஆசையாக வளர்த்த பூனையும் அதில் போகிறது. அக்கா பிரசவத்தில் இறக்கிறாள். முப்பது தாண்டி அரண்மனைச் சேவகம், கல்யாணம். கணவர் ஷினானோ நாட்டுக்கு ஆளுநராகப் போய்வந்து 1058-இல் காலமாகிறார். சராஷினா அந்த ஷினானோவில் உள்ள இடம், நிலவுக்குப் பேர்போனது. நூலில் அந்தப் பெயர் நேராக எங்கும் வராது. கிழவிகளைக் கொண்டுபோய் விட்டதாகச் சொல்லப்படும் ஒபாசுதே மலை அங்கேதான் இருக்கிறது. தன்னைப் பார்க்க வந்த உடன்பிறந்தார் மகனுக்கு எழுதிய பாட்டில் அந்த மலையைச் சொல்கிறாள்.

முடிவில் அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். உதவாத கதையிலும் பாட்டிலும் மனசைத் தோய்க்காமல் ராப்பகலாக வழிபாடு செய்திருந்தால் இப்படிக் கனவு மாதிரியான வாழ்வைப் பார்த்திருக்க வேண்டாமோ என்கிறாள்.

"அவங்க சொல்றது உண்மையான வருத்தம்தான், அதைக் குறைச்சு எடுத்துக்காதீங்க" என்றார் சென்செய். கணவர் போனபிறகு தனக்கும் ஒவ்வொரு நாளும் அப்படி ஏதோ ஒன்று வீணானதாகத் தோன்றும் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் மனது ஒப்பவில்லை. மழை இரவு ஒன்று இருக்கிறது. நட்சத்திரம்கூட இல்லாத கும்மிருட்டு. அரண்மனைக்கு வந்த மினாமோதோ நோ சுகேமிச்சி என்ற பிரபுவோடு இவளும் தோழியும் வசந்தம் நல்லதா, இலையுதிர் காலம் நல்லதா என்று பேசுகிறார்கள். தோழி இலையுதிர் காலத்தின் பக்கம். இவள் வெளிர்பச்சை வானமும் பூவும் ஒன்றாய்க் கலந்துபோக, மங்கித் தெரியும் வசந்த இரவு நிலாவைத்தான் பிடிக்கும் என்று பாட்டாகச் சொல்கிறாள். அந்த ஒரு ராத்திரியை அவள் எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறாள்! கதை படித்த கண்ணால்தான் அப்படிப் பார்க்க முடியும், கதை படித்த கையால்தான் எழுத முடியும். அந்த நொந்துகொள்ளலையும் அதே கைதான் எழுதியது. வழிபாடு மட்டும் செய்திருந்தால் நிம்மதி கிடைத்திருக்கலாம். ஒற்றைப் பாய்க் கூரைக்குள் விழுந்த நிலா நமக்குக் கிடைத்திருக்காது. பெட்டியோடு கொடுத்த அந்த அத்தை தப்புச் செய்யவில்லை. இதை அடுத்த வாரம் சென்செயிடம் சொல்லத்தான் போகிறேன்.

டிசம்பர் 2

அவள் தலைநகருக்குள் நுழைந்த தேதி இது. கிட்டத்தட்ட மூன்று மாதம் நடையும் வண்டியும் படகுமாக வந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கண்ணில் படாதபடி இருட்டியபிறகு போகிறார்கள். வீடு பெரிசு, காடாய்க் கிடக்கிறது. வழியில் பார்த்த மலைகளுக்குக் குறையாமல் பயமூட்டும் மரங்கள். சாமானெல்லாம் இறைந்து கிடக்கிறது. அந்தக் களேபரத்தின் நடுவில் இவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நச்சரிக்கிறாள்: கதை தேடிக் காட்டு, கதை தேடிக் காட்டு. மூலத்தில் அப்படியே இரண்டு தடவை வருகிறது. சென்செய் அதைச் சின்னப் பிள்ளைக் குரலில் வாசித்தார்.

அம்மா சலித்துக்கொள்ளவில்லை. இளவரசி ஒருத்தியிடம் சேவகத்தில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புகிறாள். அவள், இளவரசியிடமிருந்து கிடைத்தது என்று சொல்லி, நேர்த்தியான சில சுவடிகளை மைக்கல் பெட்டியின் மூடியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறாள். அன்று தொடங்கியவள், ராப்பகல் பார்க்காமல் அதையே படிக்கிறாள். படிக்கப் படிக்க இன்னும் வேண்டும்போல இருக்கிறது.