நின்ஜினா, நின்னிக்குவா? காய்கறிக் கருட்டாவில் ஒரு வெற்றி

டோக்கியோவின் நிஷி-கசாயில் எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் கேரட்டையும் பூண்டையும் குழப்பாமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

கருட்டா ஒரு ஜப்பானியச் சீட்டாட்டம், எங்கள் சீட்டுகளில் காய்கறிப் படங்கள். ஒருவர் பெயரை வாசிக்க வாசிக்கச் சீட்டை அடித்து எடுக்க வேண்டும். தைக்கோன் (முள்ளங்கி), ரென்கோன் (தாமரைத் தண்டு) எல்லாம் முதல் ஒலியிலேயே பிடிபட்டுவிடும். சிக்கல் ஒரே மாதிரி தொடங்கும் இணைகளில்தான். கபோச்சா என்றால் பூசணி, கபு என்றால் டர்னிப். இரண்டாவது ஒலி வரை பொறுக்க வேண்டும். நின்ஜின் கேரட், நின்னிக்கு பூண்டு. இங்கே மூன்றாவது வரை. ‘நின்’ என்றதுமே நாலு கைகள் பாய்ந்துவிடும். நூறு கவிதைகளை வைத்து ஆடும் பெரியவர்களின் கருட்டாவிலும் முதல் ஒலியில் அடையாளம் தெரிபவை 7 மட்டுமே. எந்தச் சீட்டு என்று தீர்மானிக்கக் கேட்டாக வேண்டிய ஒலிகளுக்குக் கிமாரிஜி என்று பெயர்.

நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ‘ன்’ முழு மாத்திரை பிடிக்கும். நம் பிள்ளைகள் நின்-ஜின் என்று இரண்டு தட்டில் முடித்துவிடுகிறார்கள், வேண்டியதோ நான்கு. அதனால் சீட்டையே தொடவிடாமல் கைதட்ட வைத்தேன்: நி, ன், ஜி, ன். நி, ன், நி, கு. மூன்றாம் தட்டு விழுந்த பிறகே கை நீளலாம். ‘ன்’னுக்குத் தனித் தட்டு கிடைத்ததும் காது தானாகக் காத்திருக்கப் பழகியது. உச்சரிப்பும் அதோடு சேர்ந்து திருந்தியதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நெடிலில் தொல்லையே இல்லை. கியூரியின் (வெள்ளரிக்காய்) நீட்டம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிறது.

படங்களைச் சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளிலிருந்து வெட்டுகிறேன். பூசணியைக் கால் துண்டாகவும் முள்ளங்கியைப் பாதியாகவும் விற்பதால் படமும் அப்படியே வருகிறது. முழுக்காய்ப் படம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். லேமினேஷன் உறை நூறு யென் கடையிலேயே போதும். மூலைகளைக் கட்டாயம் வட்டமாக வெட்டுங்கள், கூர்முனை பிஞ்சு விரலைக் கீறிவிடும்.

சத்சுமாஇமோவின் (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) ‘த்சு’ இன்னும் சிலருக்குச் ‘சு’வாகவே வருகிறது. அது முடிவதற்குள் பொருளுக்கேற்ப மாறும் எண்ணிக்கைச் சொற்களுக்குப் போக ஆசை: ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்குக் கேரட்டுக்கு இப்போன், நிஹோன், சன்போன், வெங்காயத்துக்கு இக்கோ, நிகோ, சன்கோ. அதற்கும் முன்னால் கொமாட்சுனாக் கீரைக்கு ஒரு சீட்டு செய்ய வேண்டும். இந்த எதோகவா வட்டாரத்துக் கொமாட்சுகவாவின் பெயரைத் தாங்கிய கீரை அது, பள்ளி மதிய உணவிலும் போடுகிறார்கள். எங்கள் சீட்டுக் கட்டில் ‘கொ’வில் தொடங்குவது வேறு எதுவும் இல்லை. எனவே புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளும் முதல் ஒலியிலேயே அதை அள்ளிக்கொள்ளலாம்.