மதுரைக்குத் தெற்கே பூச்செடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, ராமநாதபுரம் பக்கம் வீட்டுக்குப் பூச்செடி வாங்குகிறவர்கள் நர்சரியில் கேட்கும் முதல் கேள்வி, "சித்திரை வெயில் தாங்குமா?" என்பதுதான். பல செடிகள் தாங்கிவிடும். அதே செடிகள் ஐப்பசியில் அழுகிச் சாகும். இந்தப் பகுதியின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியோ அதற்கு மேலோ அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மிச்ச மாதங்களில் நிலம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். இரண்டு வாரம் நீர் இல்லாமலும் நிற்க வேண்டும், நாலு நாள் ஈரத்திலும் வேர் கெடக்கூடாது, போர் தண்ணீரின் உப்பையும் பொறுக்க வேண்டும். இந்த மூன்றையும் தாங்கும் செடிகள் குறைவு. ஆனாலும் அவற்றில் நிறத்துக்குக் குறைவே இல்லை.

செடிக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள். கரிசலில் ஒன்றரை அடிக் குழி வெட்டி, மணலும் எருவும் நிரப்பி நடுவது செடியைக் கெடுக்கும் வழக்கம். சுற்றிலும் இருக்கும் களி நீரை வடியவிடாது. மழைநீரெல்லாம் அந்தத் தளர்ந்த குழிக்குள் இறங்கித் தேங்கும். வேருக்குக் காற்றே கிடைக்காது. கரிசலுக்கு மேடுதான் சரி. மூன்று அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள்: செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மேட்டின் அடிமட்டத்தைக் கரிசலோடு கொத்திக் கலந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மண்ணும் ஒட்டாமல் வேர் எல்லையிலேயே நின்றுவிடும். செம்மண், சரளை நிலத்தில் குழியே போதும். வெட்டிய மண்ணோடு கால் பங்கு எருவும், கரையானுக்காக 200 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து நிரப்புங்கள். இரண்டு மண்ணுக்கும் நடவு புரட்டாசிக் கடைசியில். பங்குனியில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிடும்.

முதலிடம் காகிதப்பூவுக்கு. நாம் பூவென்று பார்ப்பது நிறம் மாறிய இலைகள். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. வாரக்கணக்கில் வாடாமல் நிற்பது அதனால்தான். "செடி மதில் உயரம் வளர்ந்துவிட்டது, பூவே இல்லை" என்று சொல்லும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் தினசரித் தண்ணீர், அல்லது அளவுக்கு மீறிய சாணியும் யூரியாவும், அல்லது நிழல். ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இதை வைக்கவே வேண்டாம். நன்றாக வேர் பிடித்த செடிக்குப் பூ வேண்டுமானால், இலை லேசாகத் துவளும்வரை நீரை நிறுத்தி, பிறகு வேர் முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். மறுபடி காயவிடுங்கள். இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் இரண்டு மூன்று முறை நடந்தால் மொட்டு தெரியும். பூ புதுத் துளிரின் நுனியில்தான் வரும். ஆகவே ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்ட வேண்டும். மாதாமாதம் கத்தரியால் வேலிபோல ஒழுங்கு செய்கிறவர்கள் மொட்டைத்தான் வெட்டி எறிகிறார்கள். நடும்போது ஒரு எச்சரிக்கை: இதன் வேர் எளிதில் முறியும். கவரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளேடால் அடியையும் பக்கத்தையும் கீறி, மண் உருண்டை உடையாமல் இறக்குங்கள்.

ஆவாரையை நர்சரியில் தேடுகிறவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைக் காடு மேடெல்லாம் தேடுகிறோம், வீட்டு வாசலில் வைப்பதில்லை. நாலைந்து அடிப் புதர், கொத்துக் கொத்தாகப் பொன் மஞ்சள், ஆடும் அவ்வளவாகக் கடிக்காது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. விதையை நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்ற வேண்டும். விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியவற்றை அரை அங்குல ஆழத்தில், குழிக்கு மூன்றாக ஊன்றி, வளர்ந்தபின் ஒன்றை மட்டும் விடுங்கள். இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். பெரும்பாலும் அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. தின்று முடித்துக் கூடு கட்டிவிடும், செடி மறுபடி துளிர்க்கும்.

கோடை உச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் வேண்டுமென்றால் மயில்கொன்றை. இதையும் விதையிலிருந்தே எடுக்கலாம். தை மாதம் இரண்டடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து அடர்ந்து கிளம்பும். வெட்டாவிட்டால் உச்சியில் மட்டும் பூத்து அடிப்பகுதி குச்சியாக நிற்கும். முள் உண்டு, நடைபாதை ஓரம் வேண்டாம். அரளியும் இதே உறுதிதான், நெடுஞ்சாலை நடுவே அதை வைப்பது சும்மா இல்லை. ஆனால் இலை, பட்டை, பூ, வேர் எல்லாமே விஷம். எரித்தால் புகையும் கெடுதல். பொன்னரளியின் கொட்டை அதைவிட ஆபத்து. வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் வைக்க வேண்டாம் என்பதே என் முடிவு.

தரையோடு நிறம் வேண்டிய இடத்துக்கு நித்தியகல்யாணியும் டேபிள் ரோஸும். நித்தியகல்யாணியில் நாட்டு ரகமாகப் பாருங்கள், ரோஸும் வெள்ளையும். பெரிய பூ விடும் ஹைப்ரிட் ரகங்கள் மழையில் தண்டு கருத்து ஒரே வாரத்தில் சாயும். நாட்டு ரகம் விதை உதிர்த்துத் தானே முளைக்கும். டேபிள் ரோஸுக்கு மூன்று அங்குலத் துண்டு போதும், வெயில் உள்ள மணற்பாங்கான மண்ணில் செருகினால் பிடித்துவிடும். மேகமூட்ட நாளில் பூ விரியாது, செடியில் கோளாறு இல்லை.

தொட்டிக்கு அடீனியம், அதாவது பாலைவன ரோஜா. பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மக்கிய எரு ஒன்று. அடியில் துளை தாராளமாக இருக்கட்டும். மாசியில் தொட்டி மாற்றுங்கள். வேரை வெட்டினால் வெட்டுவாய் காய நாலு நாள் நிழலில் வைத்த பிறகே நட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். அடித்தண்டை அழுத்தினால் மெத்தென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, காயவிட்டு, மறுபடி நட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. இதன் பாலும் விஷம்தான்.

வாங்காமல் விட வேண்டியவை: பெங்களூரு, ஓசூர் குளிரில் வளர்ந்த பெட்டூனியா, ஜெர்பரா. இட்லிப்பூவுக்கும் உப்புத் தண்ணீர் ஆகாது. நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் போகும். ஏற்கெனவே வைத்திருந்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளித்துப் பாருங்கள், தேறும், ஆனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செம்பருத்திக்கு மாவுப்பூச்சியோடு ஓயாத சண்டை. உன்னிச்செடியை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் பழத்தைப் பறவைகள் தின்று காட்டுக்குக் கொண்டுபோகின்றன; முதுமலையில் அது அடைத்திருக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதல் ஆண்டு மழையில்லாத வாரங்களில் புதர்ச் செடிக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு குடம். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதில் பயனில்லை. மேல்மண் மட்டும் நனைந்து, வேர் மேலேயே சுற்றி, வெயிலில் வெந்துபோகும். உப்பும் மேலேயே படியும். ஊற்றுவதற்கு முன் ஒரு நீளக் கம்பியை ஆறு அங்குலம் இறக்கிப் பாருங்கள். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று வேண்டாம். இரண்டாம் ஆண்டிலிருந்து கோடையில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம் போதும். சருகு மூடாக்கு மூன்று அங்குல கனத்துக்குப் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும்.