மிடி கோப்பை உள்ளே கொண்டுவந்த பின் செய்ய வேண்டியவை

திருகோணமலையில் கோயில் பஜனைகளுக்கும் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் கீபோர்ட் வாசிக்கும் இளைஞர்கள் பலர் இப்போது வீட்டுக் கணினியிலேயே இசை அமைக்கிறார்கள். தாங்கள் கீபோர்டில் பதிந்த மிடி கோப்பை இசைப்பதிவு மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் சத்தமே வருவதில்லை, வந்தாலும் தாளம் உட்பட எல்லாம் பியானோவாகவே கேட்கிறது என்று அவர்கள் என்னிடம் சொல்லும்போது, கோப்பு பழுது என்று எண்ணி அதை அழித்துவிட வேண்டாம் என்பதையே முதலில் சொல்கிறேன்.

மிடி கோப்பில் ஒலி என்று எதுவும் கிடையாது. எந்தச் சுரம் எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தத்துடன் தொடங்கி எப்போது முடிகிறது, எந்தக் கருவி அதை வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே அதில் உள்ளன. 1983ஆம் ஆண்டில் வந்த இந்த முறையில் ஓர் இணைப்புக்கு 16 சனல்கள், அதாவது கட்டளைகள் செல்லும் தனித்தனி வழிகள், உண்டு. கோப்பு பூச்சிய வகையைச் சேர்ந்ததாயின் அத்தனை சனல்களும் ஒரே ட்ராக்கில் (பதிவு வரிசையில்) கலந்து கிடக்கும். ஒன்றாம் வகையாயின் தனித்தனி ட்ராக்குகளாக இருக்கும். பூச்சிய வகைக் கோப்பை அப்படியே ஒரு பியானோ பிளகினுக்கு (மென்பொருளுக்குள் இயங்கும் கருவிக்கு) அனுப்பினால், சனல் வேறுபாடு பாராமல் வருவதையெல்லாம் வாசிக்கும் பிளகின்கள் பல இருப்பதால், தாளச் சனலில் உள்ள தட்டுகளும் பியானோவின் கீழ்ச்சுரங்களாக ஒலிக்கும். ஆகவே முதல் வேலை, சனல் வாரியாக ட்ராக்குகளைப் பிரிப்பதுதான். ரீப்பர் போன்ற மென்பொருள்கள் கோப்பை உள்ளெடுக்கும்போதே ட்ராக்குகளாக விரிக்கவா, கோப்பின் டெம்போவையும் (தாள வேகத்தையும்) எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். புதிய வேலையில் இரண்டுக்கும் சம்மதிக்கலாம். ஆனால் குரலை ஏற்கெனவே பதிந்துவிட்ட வேலையில் டெம்போவை எடுத்துக்கொண்டால் குரலுக்கும் தாளக் கட்டத்துக்கும் இருந்த பொருத்தம் குலைந்துவிடும்.

பிரித்த ட்ராக்குகளுக்கு வழி அமைப்பதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒவ்வொரு ட்ராக்கிலும் ஒரு கருவியை வைப்பது எளிது. பல சனல்களை ஏற்கும் ஒரே கருவியைத் தனி ட்ராக்கில் வைத்து, மற்ற ட்ராக்குகளிலிருந்து மிடியை மட்டும் அதற்கு அனுப்புவது, நினைவகம் குறைந்த மடிகணினி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் உதவும். இரண்டாவது முறையில் அனுப்பும் சனல் எண்ணும் கருவியில் அந்தப் பகுதி கேட்கும் சனல் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைச் சரிபார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1991ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி பட்டியல் 128 கருவி ஒலிகளுக்கு எண் கொடுத்து, 10ஆம் சனலைத் தாளத்துக்கு ஒதுக்கியது. அதில் சித்தாருக்கு 105, ஷெனாய்க்கு 112 என்று இடம் உண்டு. வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் இடமில்லை. அதனால் கீபோர்டின் சொந்த ஒலிகளில் வாசித்த மிருதங்கம் வேறிடத்தில் மேற்கத்திய டிரம்ஸாக மாறிவிடுகிறது: 36ஆம் சுரத்தில் பதிந்த தொப்பித் தட்டு அங்கே பாஸ் டிரம், 38இல் பதிந்த சாப்புத் தட்டு அங்கே ஸ்நேர். தட்டுத் தட்டாக எண்களை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய முடியும். அலுப்பான வேலைதான், ஆனால் நம் தாளத்துக்காகச் செய்யத் தகுந்தது.

சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இன்னும் நுட்பமானது. கீபோர்டில் சக்கரத்தைத் திருப்பி எடுக்கும் அசைவுகள் பிட்ச் பெண்ட் தரவாக, 0 முதல் 16383 வரையான எண்களில், 8192ஐ நடுநிலையாகக் கொண்டு பதிகின்றன. அந்த எண் எத்தனை அரைச்சுரத்தைக் குறிக்கிறது என்பதை ஒலிக்கும் கருவியே தீர்மானிக்கிறது. பொதுவான தொடக்க அளவு மேலும் கீழும் 2 அரைச்சுரம். 12 அரைச்சுர அளவில் வாசித்த 3 அரைச்சுர ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் அசைவு), 2 அரைச்சுர அளவுள்ள கருவியில் அரை அரைச்சுரமாகச் சுருங்கி, இராகமே அடையாளம் தெரியாமல் போகிறது. அளவைக் குறிக்கும் கட்டளை கோப்பில் இருந்தாலும் அதைக் கவனிக்காத பிளகின்கள் உண்டு, கையாலேயே அமைத்துவிடுங்கள். மேலும், பிட்ச் பெண்ட் ஒரு சுரத்துக்கு அல்ல, முழுச் சனலுக்கும் உரியது. இராகம் வாசிக்கும் பகுதியும் சுருதியும் ஒரே சனலில் இருந்தால் ஒவ்வொரு கமகத்துக்கும் சுருதியும் சேர்ந்து ஆடும். சுருதிக்கு எப்போதும் தனிச் சனல் கொடுங்கள்.

ஒலிகளைக் கலக்கும் வேலைக்கு வருமுன் கருவி மாற்றக் கட்டளைகளையும் 7, 10, 91 என்ற கட்டுப்பாட்டு எண்களில் உள்ள ஒலி அளவு, இடவலப் பகிர்வு, எதிரொலிக் கட்டளைகளையும் நான் நீக்கிவிடுகிறேன். இல்லையேல் நாம் தாழ்த்திய ஒலியைக் கோப்பு மீண்டும் உயர்த்தும். 11ஐயும் 64ஐயும் தொடுவதில்லை, ஏனெனில் வாசித்தவரின் ஏற்ற இறக்கமும் பெடலும் அவற்றில்தான் இருக்கின்றன. இவற்றையெல்லாம் அசல் கோப்பின் பிரதி ஒன்றில் மட்டுமே செய்யுங்கள்.

முடித்த வேலையை வேறு மென்பொருள் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு ட்ராக்கையும் பாடலின் தொடக்கத்திலிருந்தே தொடங்கும் வேவ் ஒலிக்கோப்பாக மாற்றி, டெம்போவைக் குறிப்பிட்டு, மிடி கோப்பையும் உடன் வையுங்கள்.