மேற்குச் சுவருக்குக் கான்கிரீட் செங்கல்: ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை

கோவைக்கு மேற்கே நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் மேற்குச் சுவருக்கு வெளிப்பூச்சும் பெயிண்டும் வேண்டாம், கல்லே வெளியே தெரியட்டும் என்று முடிவு செய்தபோது என் மனதில் இருந்தது சூளைச் செங்கல்தான். ஆனால் செம்மண் எடுப்புச் சிக்கலில் 2021-இல் தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகள் மூடப்பட்ட பிறகு, பக்கத்திலேயே போய்க் கல் பார்த்து வாங்கும் வசதி போய்விட்டது. மாதிரிக்கு வந்த லோடிலும் விளிம்பு மழுங்காத கல்லாகப் பொறுக்கினால் பாதிகூடத் தேறவில்லை. எனவே, பழுப்புச் சிவப்பு நிறமியை உடல் முழுவதும் கலந்து அச்சில் அழுத்திய கான்கிரீட் செங்கல்லை எடுத்தேன். வீட்டின் மற்ற வேலைகள் மேஸ்திரியின் பொறுப்பு. இந்த ஒரு சுவர் மட்டும் என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

வீட்டைத் தாங்கும் உட்சுவர் சாலிட் பிளாக்; அதற்கு வெளியே தனி அடுக்காக நிற்பதுதான் இந்தக் கல் சுவர். 24 அடி நீளம், 10 அடி உயரம், நடுவில் ஒரு சன்னல். கல் 230 × 110 × 75 மில்லிமீட்டர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் கலவை இணைப்பு வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 49 கல் வரும். சேதாரம் சேர்த்து 1,100 கல் வாங்கினேன். ஒரு கல் நான்கு கிலோவுக்குச் சற்று அதிகம் என்பதால் கலவையைச் சேர்க்காமலே நான்கு டன்னைத் தாண்டும் இந்தச் சுமையை, டைல் போலப் பசையில் ஒட்ட முடியாது. கீழே உட்கார இடம் வேண்டும். புதுவீடு என்பதால் அது எளிதாக முடிந்தது. கல்லுக்கு 110, உட்சுவருக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இடைவெளிக்கு 25 என்று கணக்கிட்டு, சுவருக்கு அடியில் வரும் கான்கிரீட் உத்திரமான பிளிந்த் பீமையே ஐந்தரை அங்குலம் வெளியே நீட்டி வார்க்கச் சொல்லிவிட்டேன். கட்டி முடித்த பழைய வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் இந்த இடத்தில்தான் திணறுவார்கள்.

வாங்கும் முன்பே ஒரு கல்லை அறுத்துப் பார்த்து, நிறம் உள்வரை இருப்பதை உறுதி செய்துகொண்டேன். இன்னொரு கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து நிறுத்தபோது 4.1 கிலோ 4.4 கிலோ ஆகியிருந்தது. அதாவது ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். கான்கிரீட் கல்லுக்கான இந்தியத் தர அளவு பத்து சதவீதம் வரை அனுமதிப்பதால் அதில் திருப்தி. எத்தனை நாளைக்கு முன் வார்த்த கல் என்று மட்டும் கேட்காமல் விட்டேன்.

முதல் நாள் நான் வருவதற்குள் மேஸ்திரி உதவிக்காக இருநூறு கல்லைத் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார். நான் தயங்கியபோது, "தம்பி, கல்லுக்குத் தண்ணி காட்டாமக் கட்டுனா கலவை எப்படிங்க புடிக்கும்?" என்றார். சூளைச் செங்கல்லுக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கான்கிரீட் கல்லின் குணம் வேறு. சூளையிலிருந்து வந்த செங்கல் காற்றின் ஈரத்தை எடுத்து ஆண்டுக்கணக்கில் மிக மெல்ல விரிகிறது. கான்கிரீட் கல்லோ காயக் காயச் சுருங்குகிறது. நனைத்துக் கட்டினால், சுருங்க வேண்டியது அத்தனையும் சுவரில் மாட்டிக்கொண்ட பிறகே நடக்கும். இதைப் படித்திருந்தும் முப்பது ஆண்டு அனுபவத்தை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த இருநூறு கல்லும் அடி வரிகளில் போய்விட்டன.

கலவையில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு போட்டால் கெட்டியாக இருக்கும் என்றார் மேஸ்திரி; கெட்டியான கலவையும் அதிகம் சுருங்கும், பிளந்தால் கல்லையும் சேர்த்துப் பிளக்கும் என்பதால், சிமென்ட் ஒன்று, நீற்றுச் சுண்ணாம்புத்தூள் ஒன்று, எம்-சாண்ட் ஆறு என்ற கணக்கில் நிறுத்திக்கொண்டேன். சுண்ணாம்பு சேர்ந்ததும் கலவை வெண்ணெய் போல வழுக்கியதை அவரும் ஒப்புக்கொண்டார்.

என்னை உண்மையிலேயே திணறடித்தது, கல் சுவரை உட்சுவரோடு பிடித்து நிறுத்தும் இணைப்புத் தகடு. உட்சுவரின் சாலிட் பிளாக் வரிகளில் இரண்டடிக்கு ஒன்றாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை நீட்டி விட்டிருந்தோம். இரண்டு பிளாக் வரி 420 மில்லிமீட்டர். என் ஐந்து கல் வரி 425. ஐந்து மில்லிதானே என்று விட்டதில், மூன்றாவது தகடு வரிசைக்கு வரும்போது கல் வரி 15 மில்லிமீட்டர் மேலே போய்விட்டது. தகடு வெளிப்புறம் நோக்கி ஏறினால், கல்லின் பின்னால் இறங்கும் மழைநீர் அதன் வழியாக உட்சுவருக்கே வந்து சேரும். ஒரு மரச்சட்டத்தில் வரிக்கு 84 மில்லிமீட்டராகக் கோடு போட்டுக்கொண்டு, அதற்கு மேல் எல்லா இணைப்பையும் ஒன்பது மில்லிக்கு இறக்கினேன். ஏற்கெனவே ஏறிப்போன தகடுகளை நடுவில் ஒரு மடிப்பு கொடுத்து, சொட்டு அங்கேயே விழும்படி செய்தேன். இடைவெளிக்குள் கலவை விழாமலிருக்க ஒரு ரீப்பர் கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தகடு வரும்போதெல்லாம் மேலே இழுத்துத் துடைப்பது சலிப்பான வேலைதான். ஆனாலும் அடி வரியில் நான்கு கல்லுக்கு ஒன்றாக விட்ட நீர்க்கசிவுத் துளைகள் அடைபடாமல் இருப்பது அதனால்தான்.

இணைப்புக் கலவையை இழைத்து முடிக்கும் பாயிண்டிங்குக்குத் தனியாக நாள் ஒதுக்கவில்லை. கட்டைவிரலை இணைப்பில் வைத்து அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், கலவை விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் வளைத்த 12 மில்லி கம்பியால் ஒரே இழுப்பாக இழுத்தால் இணைப்பு பளபளவென்று உள்ளடங்கும். மார்ச் வெயிலில் இந்தப் பதம் அரைமணி நேரத்தில் தப்பிவிடுகிறது. கியூரிங்குக்கு ஹோஸ் பிடிக்காமல், தக்காளிச் செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானால் இணைப்புகளை மட்டும் நான்கு நாள் நனைத்தேன்.

மே மாதம் சன்னலின் கீழ் மூலையிலிருந்து படிக்கட்டு போல ஒரு மயிரிழை விரிசல் இறங்கியது. ஊறிய கல் இருந்த அடி வரிகளில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஊறல் மட்டும் காரணமல்ல. கான்கிரீட் கல்லில் 20 அடிக்கு மேல் தொடர்ச்சியாகக் கட்டக் கூடாது, உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் நிறுத்த வேண்டும் என்ற விதிப்படி பார்த்தால் என் சுவருக்கு 15 அடிதான் எல்லை. நடுவில் கோடு விழுந்தால் அழகு கெடும் என்று 24 அடியையும் ஒரே மூச்சில் கட்டியது என் தவறு. ஜூனில் கிரைண்டர் வைத்துச் சன்னலின் ஓரத்தோடு மேலிருந்து கீழ்வரை அறுத்து, நுரைக்கயிறு திணித்து, கலவையின் நிறத்திலேயே பாலியூரித்தேன் சீலண்ட் அடைத்தேன். பத்தடி தள்ளி நின்றால் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் தொடங்கியதும் சுவரெங்கும் வெள்ளை படர்ந்தது. "உப்புப் பூத்துடுச்சுங்க" என்றார் மேஸ்திரி. சுரண்டி எடுத்த தூள் தண்ணீரில் கரையவில்லை. இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. சிமென்டிலிருந்து வெளிவந்த சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து படிந்த கார்பனேட்தான் அது. மழையே மெல்லக் கரைத்துவிடும். ஆசிட் ஊற்றினால் கல்லின் மேல்தோலும் நிறமும் சேர்ந்து போகும் என்பதால் தொடவில்லை. ஆகஸ்ட் நடுவில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை: மேலே இருக்கும் சிமென்ட் படலம் தேயத் தேய உள்ளிருக்கும் மணலின் நிறம்தான் தெரியும். சாரல் அதிகம் படும் ஓரத்தில் எனக்கு இப்போதே சற்று வெளிறியிருக்கிறது. இன்னொரு முறை எடுத்தால், சிவப்பைத் தேடாமல் சாம்பலையே எடுப்பேன்.

வாசல் பக்கத்துக்கான கல் ஜூலை கடைசியில் வந்து இறங்கியது. வார்த்த தேதியைச் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு அடுக்கின் மேலும் எழுதி, அடியில் கட்டை கொடுத்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி அதற்கு எதிர்மூலையில் இருக்கிறது.