இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவருக்குக் காய்ச்சல் வந்தால்

என் இதயத்தின் கீழறைச் சுவரில் பிறவியிலேயே சிறு ஓட்டை உண்டு. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவ்வப்போது எக்கோ எடுப்பதோடு சரி. சென்ற ஆண்டு மாலைதோறும் குளிர்க்காய்ச்சல் வந்தபோது, ஓட்டையைப் பற்றி முதல் நாளே சொல்லியும், கிளினிக்கில் ஆன்டிபயாடிக் மட்டுமே எழுதித் தந்தார்கள். மாத்திரை இருக்கும்வரை காய்ச்சல் தணியும், தீர்ந்ததும் திரும்பும். எக்ஸ்ரேயில் நுரையீரலில் திட்டுகள் தெரிந்ததும் நிமோனியா என்றார்கள். பிறகு காசநோயோ என்று சளியைப் பரிசோதித்தார்கள்.

பெரிய மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதுபவர், காய்ச்சலுக்கெல்லாம் இதயப் பிரிவில் சீட்டு கிடையாது என்று, நான் நீட்டிய எக்கோ அறிக்கையைத் திறந்துகூடப் பாராமல் திருப்பி அனுப்பினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொது மருத்துவப் பிரிவில் இருந்த முதுநிலை மாணவர்தான், "பிளட் கல்ச்சர் எடுத்தார்களா?" என்று, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா எனப் பார்க்கும் சோதனையைப் பற்றி முதன்முதலில் கேட்டார்.

எடுத்த முதல் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஏற்கெனவே விழுங்கிய மாத்திரைகள் கிருமியை அடக்கி வைத்திருக்கும் என்று விளக்கி, உடல்நிலை இடம் கொடுத்ததால், ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, வார்டில் வைத்துக் கண்காணித்து, மீண்டும் எடுத்தார்கள். செவிலியர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தோலைத் துடைத்துக் காயவிட்டு, ஊசி போட்டு, புட்டியில் நேரத்தை எழுதி ஒட்டினார். இம்முறை, வாயில் இயல்பாகவே வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. ஓட்டை வழியாகப் பீய்ச்சும் இரத்தம் மோதும் மூவிதழ் வால்வில் கிருமித் திரள் ஒட்டியிருப்பதை எக்கோ காட்டியது. அதிலிருந்து உடைந்த துணுக்குகளே நுரையீரலில் திட்டுகளாகத் தெரிந்திருக்கின்றன. நோயின் பெயர் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உட்புறத் தொற்று, என்று தெரிந்த அன்று நானும் என் மனைவியும் நிம்மதியில் அழுதுவிட்டோம்.

நான்கு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

பிறவி இதயக் குறை உள்ளவர்கள், காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சர் எடுக்கும்படி வற்புறுத்திக் கேளுங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2007 வழிகாட்டுதலின்படி, என்னுடையதைப் போன்ற சிறு ஓட்டைக்கு மட்டும் பல் சிகிச்சைக்கு முன் தடுப்பு மருந்து தேவையில்லை. ஆனால் இத்தொற்று ஒருமுறை வந்தவருக்குத் தேவை. ஈறில் இரத்தம் கசியக்கூடிய சிகிச்சை என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்சிசிலின் 2 கிராம். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைத் தனி வரியாக எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள், பல் மருத்துவரிடம் அந்தத் தாளையே காட்டலாம்.