ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் ஜீப்

பழைய ஜீப் சூடாகிறது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வரும். ரேடியேட்டரை மாற்று, தண்ணீர் பம்பான வாட்டர் பாடியை மாற்று, சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டை இறக்கு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான வைத்தியம்தான். நம் வண்டிக்கு எது என்று பார்ப்பதற்குத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. எங்கள் ஜீப்பில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தோம். மலைப்பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது 1991 மாடல் மஹிந்திரா எம்எம் 540, மாமனார் வாங்கியது. பேஜோ வடிவமைத்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. தோட்டம் திண்டுக்கல் மாவட்டத்தில் தாண்டிக்குடிப் பக்கம், 1300 மீட்டர் உயரத்தில். வத்தலக்குண்டில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு சித்தரேவு வரை வந்தால் வெப்ப கேஜின் முள் நடுவில் அசையாமல் நிற்கும். பெரும்பாறை ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கியதும் ஏறத் தொடங்கும். தடியன்குடிசை வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடும். காலி வண்டியாக வந்தால் அவ்வளவு ஏறாது. வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

எப்போது சூடாகிறது என்ற இந்த விவரம்தான் முதல் துப்பு. நின்றபடி ஓடும்போது சூடாகி, சமதளத்தில் வேகமெடுத்ததும் தணிந்தால் காற்று போதவில்லை என்று சந்தேகப்படலாம்: ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த சேறு. சும்மா ஓடும்போது அமைதியாக இருந்து பாரத்தில் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது ரேடியேட்டரின் திறன் குறைந்துவிட்டது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. எங்களுடையது இரண்டாவது வகை. ஆனால் மலை ஏற்றம் கொஞ்சம் குழப்பும். பாரமும் அதிகம், வேகமும் குறைவு என்பதால் காற்றுக் குறையும் தண்ணீர்க் குறையும் ஒரே இடத்தில் சேர்ந்து வெளிப்படும்.

டீசல் தருகிற சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகத் தண்ணீருக்குள்தான் போகிறது. எங்கள் இன்ஜினில் டீசல் நேராக சிலிண்டரில் பீய்ச்சப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள சிறு அறையில் பற்றிக்கொண்டு அங்கிருந்து சிலிண்டருக்கு வருகிறது. அந்த அறையின் சுவர் வழியாகவும் வெப்பம் தண்ணீருக்கு இறங்கும். பிறகு வந்த, டீசலை நேராக சிலிண்டரில் பீய்ச்சும் டிஐ இன்ஜின்களோடு ஒப்பிட்டால் இந்த வகைக்குத் தண்ணீர்ச் சுற்று இன்னும் கச்சிதமாக இருந்தாக வேண்டும்.

முதலில் கேஜ் உண்மை சொல்கிறதா என்று பார்த்தோம். முப்பது வருடத்து முள்ளை நம்பி ஹெட்டை இறக்கக் கூடாது. கோவிட் காலத்தில் எல்லா வாசலிலும் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்த மாதிரி தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். நெற்றிக்குப் பிடிப்பது உடம்புச் சூட்டுக்கு மேல் காட்டாது. பட்டறைகளில் பயன்படுத்தும் வகைதான் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பளபளக்கும் பித்தளையிலோ அலுமினியத்திலோ பிடித்தால் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். பார்க்க வேண்டிய இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் பிடிக்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் தண்ணீர் நுழையும் இடம், கீழ்த் தொட்டியில் வெளியேறும் இடம், தெர்மோஸ்டாட் உட்காரும் கூடு, பிளாக்கின் பக்கவாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரே என்று ஒட்டிவைத்தோம்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மலைக்காரர்களுக்கு மூடிதான் உயிர். உயரம் கூடக் கூட தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குறையும். எங்கள் தோட்டத்தில் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 96 டிகிரியில் கொதித்துவிடும். கொடைக்கானல் 2100 மீட்டர், அங்கே 93. எங்கள் மூடியில் 7 என்று அடித்திருக்கிறது, அதாவது 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு). அந்த அழுத்தத்தை அது உள்ளே பிடித்துவைத்தால் தோட்டத்தில் தண்ணீர் 108 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் அந்தப் பன்னிரண்டு டிகிரி பறிபோனது. சமவெளியில் அதே மூடியோடு ஓடும் வண்டிக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் மூடி சரியில்லை என்று ரப்பரைப் பார்த்தாலே தெரிந்தது. புதிது போட்டோம். கொதித்துத் தண்ணீர் வெளியே தள்ளுவது நின்றது, ஆனால் சூடு ஏறுவது குறையவில்லை. மூடி கொதிநிலையைத்தான் உயர்த்தும், வெப்பத்தைக் குறைக்காது.

ஹெட் கேஸ்கட் சந்தேகத்தையும் அப்போதே தீர்த்துக்கொண்டோம். ரேடியேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியைத் தண்ணீர் பாட்டிலில் மூழ்கவைத்து இன்ஜினை ஓடவிட்டால், ஆரம்பத்தில் கொஞ்சம் குமிழி வந்து நின்றுவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் விடாமல் வந்தால் கேஸ்கட் போயிருக்கிறது. எங்களுக்கு நின்றுவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் செலவு. அதைச் செய்யாமல் ஹெட்டை இறக்கி, அதன் அடிமுகத்தைச் சீவி மட்டப்படுத்தும் ஃபேஸிங் போடும் பழக்கம் எனக்குக் கோபம் வரவைக்கிறது. ஒவ்வொரு ஃபேஸிங்குக்கும் ஹெட்டிலிருந்து உலோகம் போகிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு, எல்லையைத் தாண்டினால் ஹெட் குப்பைக்குத்தான். எங்கள் ஹெட்டையும் முன்பு ஒரு பட்டறையில் சூடு குறையவில்லை என்று இறக்கி ஃபேஸிங் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகும் சூடு அப்படியேதான் இருந்தது.

சரி, பாரத்தோடு ஏற்றத்தில் பார்க்க வேண்டும். மூட்டைகளோடு பெரும்பாறை தாண்டி, முள் ஏறியதும் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, இன்ஜினை அணைக்காமல் அளந்தோம். மேல் தொட்டியில் 101. கீழே 68.

இந்த இரண்டு எண்களும் பாதிக் கதையைச் சொல்லிவிட்டன. நல்ல சுற்றில் மேலுக்கும் கீழுக்கும் பத்து டிகிரிக்குப் பக்கத்தில்தான் வித்தியாசம் இருக்கும். மேலும் கீழும் இரண்டுமே சூடாக, வித்தியாசம் குறைவாக இருந்தால் ரேடியேட்டரால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. எங்களுக்கோ முப்பதுக்கு மேல். உள்ளே போன தண்ணீரை ரேடியேட்டர் நன்றாகவே ஆற்றுகிறது. போகிற தண்ணீர்தான் கொஞ்சம். ரேடியேட்டரின் டியூப் அடுக்கான கோரின் முகத்திலும் கருவியைக் குறுக்கே பிடித்துப் பார்த்தோம். எங்காவது பட்டையாகக் குளிர்ந்திருந்தால் அந்த டியூப்கள் அடைத்திருக்கின்றன என்று பொருள். அப்படி எதுவும் இல்லை. வத்தலக்குண்டில் ரேடியேட்டர் வேலை பார்க்கும் பாய், முன்பே ஈயத்தை உருக்கித் தொட்டியைப் பிரித்து, டியூப்களுக்குள் ராடு விட்டுச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார். அது சுத்தமான வேலை என்பது அந்த எண்களில் தெரிந்தது. அவரிடம் சொன்னபோது, “நான் அப்பவே சொன்னேன்ல அம்மா, கோர்ல குறையில்லை, இன்ஜின்ல பாருங்கன்னு” என்றார்.

ஆக, ஓட்டத்தில் எங்கோ தடை. தெர்மோஸ்டாட் எங்கள் வண்டியில் இல்லவே இல்லை, யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். ஊரில் பாதி ஜீப் இப்படித்தான் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கை தவறு. சூடானதும் பைபாஸ் வழியை மூடும் வகை தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால், அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி, பாத்திரத்தில் கொதிக்கவைத்துத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டோம். இதிலும் உயரத்தை மறக்கக் கூடாது. 82-ல் திறக்க ஆரம்பிப்பது முழுதாகத் திறக்க 95 வரை ஆகலாம். கொடைக்கானலில் அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு அரைகுறையாகத் திறக்கிறது என்று நல்ல தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கே தண்ணீர் 93-க்கு மேல் போகாது.

அடுத்தது கீழ் ஹோஸ். வாட்டர் பாடி உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருந்தால்தான் சப்பிப் போகாமல் நிற்கும். சும்மா ஓடும்போது பார்த்தால் உருண்டையாக இருக்கிறது. இன்ஜின் சூடான பிறகு வேலைக்கு வரும் தம்பியை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் சுருள் துருவாகப் பொடிந்து போயிருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் சுற்று கூடும்போதுதான் இது மூடிக்கொள்ளும். பட்டறை வாசலில் நிற்கும் வண்டியில் யார் கண்ணிலும் படாது. சுருள் வைத்த புது ஹோஸ் போட்டதும் வித்தியாசம் பதினெட்டாகக் குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் பாரத்தோடு போனால் முள் இன்னும் ஏறத்தான் செய்தது.

அப்போதுதான் பிளாக்கின் பக்கவாட்டில் ஒட்டிய டேப்புகள் கைகொடுத்தன. முன் சிலிண்டருக்கு நேரே 88. கடைசி சிலிண்டருக்கு நேரே 107. ஒரே பிளாக்கில் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் நிறையத் தண்ணீரோடு, பிளாக்கில் உள்ள தண்ணீர் வடிகாலைத் திறந்தோம். ஒரு சொட்டு வரவில்லை. வடிகாலையே முழுதாகக் கழற்றினோம். அப்போதும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் செம்மண் குழம்பாக இறங்கியது, பிறகுதான் தண்ணீர்.

பிளாக்கின் பக்கத்தில் உள்ள வட்டத் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்தபோது முழுதும் தெரிந்தது. கடைசி சிலிண்டரைச் சுற்றித் துருவும் சுண்ணாம்பும் கலந்து, காய்ந்த களிமண்ணாக இறுகிக் கிடந்தது. சமவெளியில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். இந்த வண்டிக்குப் பல வருடம் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள், கூலன்ட் இல்லாமல். ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடித்த வார்ப்பிரும்புக்குச் சமம். அதற்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் எப்படித் தாங்கியது என்றே எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் துரு விழுந்த அந்தத் தகட்டு மூடிகளையும் புதிதாகவே போட்டோம்.

கையால் எட்டுகிற வரை கம்பியால் கிளறி, தண்ணீரை அழுத்தத்தோடு அடித்துக் கழுவினோம். எட்டாத இடத்துக்கு சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரை ஊற்றி, இன்ஜினைச் சூடாகும் வரை ஓட்டி, உடனே வடித்துவிட்டோம். இதை ராத்திரி முழுக்க விட்டுவைக்கக் கூடாது. அலுமினியப் பாகங்களைத் தின்னும். வடிகிற தண்ணீர் தெளியும் வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

காற்றுப் பக்கம் ஒன்றுதான் பாக்கி: ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகட்டுக் கூண்டு. எத்தனையோ பழைய ஜீப்பில் அது காணாமல் போயிருக்கும். கூண்டு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். நடை வேகத்தில் ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுப்பதுதான் எல்லாமே. டிங்கரிடம் சொல்லி, ஃபேன் இறக்கை பாதி உள்ளே இருக்கும்படி ஒரு கூண்டு செய்து மாட்டினோம். பெல்ட், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் பார்த்தோம், சரியாகவே இருந்தன.

இப்போது அதே ஏற்றம், அதே மூட்டைகள்: மேலே 91, கீழே 81. கடைசி சிலிண்டருக்கு நேரே 93.

உள்ளே காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. தண்ணீர் உறையாமல் காக்கும் கூலன்ட் நம் ஊர்க் குளிருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே அதன் முக்கிய வேலை துரு பிடிக்காமல் காப்பது. வழியில் குறைந்தால் ஊற்ற, சீட்டுக்கு அடியில் அதே கலவையில் ஒரு கேன் வைத்திருக்கிறேன். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கிற இன்ஜினில் ஊற்ற யாரையும் விடுவதில்லை, பிளாக்கில் விரிசல் விழுந்துவிடலாம். ஒட்டியிருந்த துரு இன்னும் கொஞ்சம் கரைந்து வரும் என்பதால் இந்தக் கூலன்ட்டைச் சீக்கிரமே வடித்து மாற்ற வேண்டும். டேப்புகளை எடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்து காபி மூட்டை இறக்கும் நேரத்தில் திரும்ப ஒருமுறை அளந்து, எண்களை இங்கேயே போடுகிறேன்.